ஷிமுல்சருக்கு முப்பத்தெட்டு

ஷிமுல்சர் திட்டு,
போலா மாவட்டம்.
12 மார்ச் 2016

பாதல்,

வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். டாக்காவில் உன் மேசைமேல் ரயீசுத்தீன் என்று பலகை வைத்திருப்பார்கள். அந்தப் பலகைக்கு நான் எழுதவில்லை. என் மாமியார் பெற்ற கடைக்குட்டிக்கு எழுதுகிறேன்.

ஏன் போனில் பேசவில்லை என்று கேட்காதே. நான் குரலை உயர்த்தினால், "அண்ணி, டவர் இல்ல, அப்புறமா கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. லாஞ்சுப் படகுக்காரர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பதிலும் அவர் கையிலேயே வரட்டும்.

வியாழக்கிழமை யூனியன் உறுப்பினர் டீக்கடையில் உட்கார்ந்து உங்கள் அலுவலகத்துப் பட்டியலை வாசித்தார். புயல், வெள்ளம், கடல் பொங்குவது இதாலெல்லாம் எந்த ஊரில் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆபத்து என்று நூற்றுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறீர்களாம். அறுபதைத் தாண்டினால் சிவப்பு. எங்கள் ஊருக்கு முப்பத்தெட்டு, மஞ்சள். கடையில் ஒரே கைதட்டல். உன் அண்ணன் எழுந்து நின்று, "பாத்தீங்களா, நம்ம ஊரு பாஸாயிடுச்சு!" என்று எல்லோருக்கும் டீ சொன்னார். மீன்பிடித் தடையில் வலையைத் தொடாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு வேறு என்ன வேலை?

கடைசியில் ஒரு வரி இருந்தது. அதை உறுப்பினர் வாசிக்கவில்லை, நான் காகிதத்தை வாங்கிப் படித்தேன். ஏப்ரல் முடிந்ததும் காலைக்கூடங்கள் சிவப்பு ஊர்களில் மட்டும் நடக்கும். அதாவது எங்கள் கூடத்துக்குப் பூட்டு.

உனக்குத் தெரியும், புயல் தங்குமிடத்து மாடியில் ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை முப்பத்தொரு பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். எல்லாம் ஐந்து வயதுக்குக் கீழே. அம்மாக்கள் அந்த நேரத்தில் அடுப்படியில் இருப்பார்கள், இல்லை வயலில் மிளகாய் பறிப்பார்கள்.

நேற்று வெள்ளிக்கிழமை, கூடத்துக்கு விடுமுறை. காலை பத்தரைக்கு நர்கிஸின் மகன் ஹாசிப், இரண்டரை வயது, பின்வாசல் குட்டையில் மிதந்தான். நான் ஓடிப் போனபோது அவன் பாட்டன் அவனைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றினால் தண்ணீர் வெளியே வந்துவிடும் என்று இந்த ஊருக்கு எந்தப் புண்ணியவான் சொல்லிக் கொடுத்தானோ! பிடுங்கித் தரையில் கிடத்தி, புயல் பயிற்சியில் கற்றபடி வாயில் ஊதினேன். எத்தனை முறை ஊதினேன் என்று தெரியாது. இருமினான். பிறகு வீல் என்று கத்தினான். அந்தக் கத்தலைக் கேட்டு நானும் உட்கார்ந்து அழுதேன்.

ஒரு நாள் விடுமுறைக்கே இந்தக் கதி. கூடமே இல்லை என்றால்? ஆனியில் மழை பிடித்துவிட்டால் குட்டையெல்லாம் விளிம்புவரை நிறைந்து நிற்குமே. டாக்காவில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லை என்று எழுதினவன் கையை நான் பார்க்க வேண்டும். அது உன் கையாக இருக்கக் கூடாது என்றும் வேண்டிக்கொள்கிறேன்.

மொமேனா


டாக்கா,
19 மார்ச் 2016

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

ஸலாம். ஹாசிப் இப்போது எப்படி இருக்கிறான்? நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீர் குடித்த பிள்ளைக்கு இரண்டு மூன்று நாள் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறையும் வசவு குறையவில்லை. அந்தக் கை என் கைதான், அண்ணி. மறைத்து என்ன ஆகப்போகிறது? நாற்பது கேள்விகள் கொண்ட அந்தப் படிவத்தைத் தயாரித்த மூன்று பேரில் நானும் ஒருவன்.

ஆனால் நான் ஷிமுல்சருக்கு வேண்டுமென்று மஞ்சள் பூசவில்லை. இருநூற்றுப் பதினான்கு ஊர்களுக்கும் ஒரே படிவம், ஒரே கூட்டல். என் ஊர் என்று ஒரு மதிப்பெண் கூட்டியிருந்தால் மறுநாள் என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள். அனுப்பவும் வேண்டும்.

கோபிக்காமல் கேளுங்கள். உங்கள் ஊர்ப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் கேள்வி: வெள்ளம் ஏறாதபடி மேடை உயர்த்திய வீடுகள் எத்தனை? பதில்: நானூற்றுப் பன்னிரண்டில் முந்நூற்றுத் தொண்ணூறு. மாவட்டத்தில் எந்த ஊருக்கும் இவ்வளவு இல்லை. அதற்காகவே பத்து மதிப்பெண் குறைந்தது. பதினேழாம் கேள்வி: கடந்த பத்து ஆண்டுகளில் புயல், வெள்ளம், கடல் பொங்குதல் இவற்றால் இறந்த ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை? பதில்: பூஜ்யம். பக்கத்தில் "அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றியாக ஒரு வார்த்தை. கீழே கையெழுத்து: மொமேனா காதுன், புயல் எச்சரிக்கைத் தொண்டர்.

ஊர்ப் பெருமையை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு, அதைக் கூட்டிப் போட்டவனைத் திட்டினால் எப்படி? இறுதிப் பட்டியல் ஏப்ரல் கடைசியில் போகிறது. உங்கள் கோபத்தை மேசைமேல் வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். வேறு ஏதாவது இருந்தால் அனுப்புங்கள். இதைக் கடுமையாக எழுதியதாகத் தோன்றினால் மன்னியுங்கள், நான்கு முறை கிழித்துவிட்டு ஐந்தாவதாக எழுதியது இது.

ரயீஸ்


ஷிமுல்சர்,
27 மார்ச் 2016

பாதல்,

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். நீ தெரியவைத்துவிட்டாய். என் கையெழுத்தை நான் மறக்கவில்லை. அந்த அல்ஹம்துலில்லாஹ்வையும் மறக்கவில்லை. கணக்கெடுக்க வந்த பெண்ணின் முன்னால் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "எங்க ஊருல ஒரு புள்ள போகல. நான் கொடி ஏத்தினா ஊரே மாடிக்கு வந்துரும்." அது பொய்யில்லையே. மூன்று புயல் வந்தது, மூன்று முறையும் எல்லாப் பிள்ளைகளையும் நானே தலை எண்ணி மேலே ஏற்றினேன்.

அவள் புயலைக் கேட்டாள், நான் புயலைச் சொன்னேன். குட்டையைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ. குட்டையில் போன பிள்ளையை இங்கே யார் ஆபத்து என்று சொல்கிறார்கள்? "அதுக்கு எழுதின ஆயுசு அவ்வளவுதான்" என்பார்கள். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

நீ படித்தவன்தானே, ஒன்று சொல். முந்நூற்றுத் தொண்ணூறு மேடைக்கு மண் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து கொட்டினார்களா? ஒவ்வொரு வீட்டிலும் பின்வாசலுக்குப் பக்கத்திலேயே வெட்டினோம். தூரத்திலிருந்து சுமக்க ஆள் ஏது? ஒரு முழம் மேடை உயர்ந்தால் ஒரு முழம் குழி ஆழமானது. மறு வெள்ளம் வந்தது, இன்னும் வெட்டினோம், இன்னும் உயர்த்தினோம். கடலைத் தாண்டினவனுக்கு வாய்க்கால் எம்மாத்திரம் என்று நினைத்துவிட்டோம்.

நான் சும்மா இருக்கவில்லை. உன் அண்ணனின் வலைக்கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு வடக்குத் தெருவில் இருபது வீட்டுக்குப் போனேன். அடுப்பிலிருந்து தண்ணீர்வரை அளந்தேன். பத்து அடிவைப்புக்கு மேல் எந்த வீட்டிலும் இல்லை. பெரியவர் அடிவைப்பு, பிள்ளைக்கு முப்பது. வேலி போட்ட குட்டை ஒன்றே ஒன்று, அதுவும் வாத்து போகாமல் இருக்க.

புயல் இரண்டு நாள் முன்னால் சொல்லிவிட்டு வருகிறது. அதற்கு ஒற்றைக் கொடி, இரட்டைக் கொடி, மூன்று கொடி என்று வைத்திருக்கிறோம். குட்டைக்கு நான் எந்தக் கொடியை ஏற்ற? உன் ஒன்பதாம் கேள்வி தலைகீழாக இருக்கிறது. எங்கே மேடை உயரமோ அங்கேதான் குழி ஆழம். அதற்குப் போய் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறாய். நீயும் வெட்டினவன்தானே, மறந்துவிட்டாயா?

உனக்கும் எனக்கும் தெரிந்தது ஒன்று உண்டு. அதை இதில் இழுக்காதே.

மொமேனா


டாக்கா,
3 ஏப்ரல் 2016

அண்ணி,

மறக்கவில்லை. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தேன். வெள்ளம் வடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அண்ணனும் நானும் பன்னிரண்டு நாள் வெட்டினோம். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். நீங்கள் மஞ்சள் வைத்துக் கட்டினீர்கள். கடைசி நாள் அண்ணன் உள்ளே இறங்கி நின்று, கையைத் தூக்கினாலும் விளிம்பு எட்டவில்லை என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேலி போடலாமா என்று நான் கேட்கவில்லை. யாருக்குமே அது தோன்றவில்லை.

அடுத்த பங்குனியில் துலி போனாள்.

இழுக்காதே என்று சொன்னீர்கள். இழுத்துவிட்டேன். எட்டு ஆண்டுகளாக ஈதுப் பெருநாளுக்கு வருகிறேன், தின்கிறேன், முன்வாசலோடு திரும்பிவிடுகிறேன். பின்பக்கம் போனதில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றும் வேலை என்று சொல்லித்தான் இந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். சேர்ந்து, அந்தப் படிவத்தில், மேடை உயர்த்திய வீட்டுக்கு ஆபத்து குறைவு என்று என் கையாலேயே எழுதினேன். 

இப்போது வேலையைச் சொல்கிறேன். எங்கள் தலைவி ஷாயெலா மேடத்திடம் உங்கள் கயிற்றுக் கதையைச் சொன்னேன். கேட்டார். ஊரை மறுமதிப்பீடு செய்ய வழி உண்டு, ஆனால் ஆதாரம் வேண்டும் என்றார். பிறப்பே பதியாத பிள்ளைகளுக்கு இறப்புச் சான்று எங்கே இருக்கும்? அதனால் இப்படி: இறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர், வயது, கிழமை, நேரம், இடம், அப்போது அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள், இரண்டு சாட்சி. பத்து ஆண்டுக் கணக்கு. ஏப்ரல் இருபத்தைந்துக்குள் என் கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பட்டியல் பூட்டப்படும்.

ஊரில் இதைக் கேட்டு வாங்க உங்களை விட்டால் ஆள் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். படிவத்தில் மூன்றாம் கேள்வி, தகவல் சொல்கிறவரைப் பற்றியது: உங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைகள் எத்தனை? நீங்கள் இரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீட்டில் மூன்று, அண்ணி. நம் பெயரை முதலில் எழுதாமல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட நமக்கு என்ன முகம் இருக்கிறது?

பாதல்


ஷிமுல்சர்,
7 ஏப்ரல் 2016

ரயீசுத்தீன் அவர்களுக்கு,

பட்டியல் எடுத்து அனுப்புகிறேன். எங்கள் வீட்டில் பிறந்தது இரண்டுதான். மூன்றாவது பெயரை நீங்கள் இன்னொரு முறை காகிதத்தில் எழுத வேண்டாம்.

மொமேனா காதுன்


ஷிமுல்சர்,
18 ஏப்ரல் 2016

பாதல்,

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருந்தால் நல்லது. இல்லையென்றால் வைத்துக்கொள், உன் அண்ணியின் திமிருக்கு ஒரு ரசீதாக இருக்கட்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். எட்டாம் தேதி நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். புயல் எச்சரிக்கைச் சட்டையையும் மாட்டிக்கொண்டேன், மரியாதை கிடைக்கும் என்று. கிடைத்தது. பாய் விரித்தார்கள், பொரியும் வெல்லமும் வைத்தார்கள். பெயர் மட்டும் கிடைக்கவில்லை. "அது எப்பவோ நடந்தது அக்கா." "அல்லா குடுத்தான், அல்லா எடுத்தான்." "எழுதி வச்சா மறுபடியும் வந்துரும்." ஒரு கிழவர் பென்சிலையே பிடுங்கி வைத்துக்கொண்டார். மூன்று நாளில் முப்பது வீடு, ஒரு பெயர் இல்லை.

நான்காம் நாள் நர்கிஸ் வீடு. ஹாசிபின் அம்மா. அவளாவது சொல்வாள் என்று போனேன். அவள் மகனுக்கு மூச்சு ஊதினவள் நான். அவனுக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது, அது எனக்குத் தெரியும். மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டேன். அரிவாளை நிறுத்தாமல் கேட்டாள்:

"நோட்டுல உன் பேரு எந்தப் பக்கத்துல இருக்கு அக்கா?"

"என் பேரு எதுக்கு?"

"நீ முதல்ல எழுதிட்டுத்தானே என்கிட்ட வந்திருப்பே. காட்டு, பாக்கறேன்."

புரட்டிக் காட்ட என்ன இருக்கிறது? வெள்ளைக் காகிதம். அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். "துலிக்கு நான்தான் முதல் சாட்சி. உன் அலறல் கேட்டு ஓடி வந்தவ நான். நீ எழுதாம என்னை எழுதச் சொல்றியே, உன் துக்கம் தங்கம், என் துக்கம் தகரமா?"

கோபம் வந்தது, எழுந்து வாசல்வரை போனேன். அப்புறம் திரும்பி வந்து அவள் முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எழுதினேன். துலி. இரண்டு வயது ஒரு மாதம். செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால். எங்கள் பின்வாசல் குட்டை, அடுப்பிலிருந்து எட்டு அடிவைப்பு. அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்ற இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. அந்த இடத்தை விட்டுவிடலாமா என்று பார்த்தேன். நர்கிஸ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதினேன்: பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். சத்தம் எதுவும் கேட்கவில்லை.

அதுதான் பாதல், எட்டு வருஷமாக என் தொண்டையில் நின்றது. சத்தமே கேட்கவில்லை. தண்ணீரில் விழுகிற பிள்ளை கத்தும், அம்மாவுக்குக் கேட்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கேட்காது. உன் அண்ணன் அவளைத் தலைக்கு மேல் வைத்துச் சுற்றினார், சுற்றினார், அவர் கை ஓயும்வரை சுற்றினார். ஊதத் தெரிந்தவர் யாரும் அன்றைக்கு இல்லை. அதற்குப் பிறகுதான் நான் பயிற்சிக்கே போனேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

நர்கிஸ் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ரூபா. மூணு வயசு. திங்கக்கிழமை. நான் நெல்லு அவிச்சிட்டிருந்தேன்" என்றாள். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். பிறகு அவளே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டாள்.

இரண்டு பேராகப் போய், முதல் பக்கத்தை முதலில் காட்டினோம். வேறு எதுவும் கேட்கவில்லை. முதல் பக்கத்தைப் படித்தவர்கள் தாங்களாகவே சொன்னார்கள். நின்றுகொண்டு சொன்னார்கள், அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார்கள். பென்சிலைப் பிடுங்கின கிழவர் அதைத் திருப்பிக் கொடுத்துத் தன் பேரன் பெயரைச் சொன்னார், இரண்டு முறை, எழுத்து சரியா என்று பார்க்கச் சொல்லி. ஆறு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு வீடும் முடிந்தது.

பத்தொன்பது பெயர். நானே அசந்துபோனேன். ஒவ்வொரு வீட்டுக்கும் அது அந்த வீட்டுக்கு மட்டும் நடந்த ஒன்று. எல்லாவற்றையும் ஒரே நோட்டில் பார்த்தவர் யாரும் இல்லை, நான் உள்பட. மூன்று புயலுக்கு ஊரையே மாடி ஏற்றின மொமேனாவின் கண்ணுக்கு முன்னால் பத்தொன்பது.

நோட்டை அப்படியே அனுப்புகிறேன். நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடு. அது ஊர் நோட்டு. இப்போது போ, உன் மேசைக்காரர்களோடு சண்டை போடு. தோற்றுவிட்டு வந்து என்னிடம் கதை சொல்லாதே.

அண்ணி


டாக்கா,
28 ஏப்ரல் 2016

அன்பு அண்ணிக்கு,

இருபத்திரண்டாம் தேதி நோட்டு கைக்கு வந்தது. முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். 

இருபத்தைந்தாம் தேதி கூட்டம். நான் கணக்கை முன்வைத்தேன். பத்தொன்பதில் பதினைந்து பிள்ளைகள் காலை ஒன்பதுக்கும் ஒரு மணிக்கும் இடையில். பதினேழு பிள்ளைகள் வீட்டிலிருந்து இருபது அடிவைப்புக்குள். புயல் நாளில் ஒன்றுகூட இல்லை. பத்தொன்பதும் மேடைக்காக வெட்டிய குழி.

மூத்த அதிகாரி ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "குட்டைல விழறதெல்லாம் பேரிடரா ரயீஸ்? அம்மா கவனிக்கலேன்னா அதுக்கு நாம என்ன பண்றது?"

நான் அலுவலகத்தில் குரல் உயர்த்துகிறவன் இல்லை, உங்களுக்கே தெரியும். அன்றைக்கு எழுந்து நின்றுவிட்டேன். "வெள்ளம் இல்லேன்னா மேடை இல்ல சார். மேடை இல்லேன்னா குழி இல்ல. வெள்ளம் வடிஞ்சு போச்சு, குழிய விட்டுட்டுப் போயிருக்கு. அதுல ஒரு குழிய வெட்டினவன் நான். அந்த முதல் பக்கத்துல இருக்கிறது எங்க அண்ணன் பொண்ணு. அவ அம்மா பருப்பு தாளிச்சிட்டிருந்தாங்க. உங்க வீட்டுல பருப்பு யார் சார் தாளிக்கிறாங்க?"

வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஷாயெலா மேடம் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, பத்தொன்பது பக்கத்தையும் படித்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். முடித்துவிட்டு ஒன்பதாம் கேள்வியைச் சிவப்பு மையால் அடித்தார். இனி மேடை எவ்வளவு உயரம் என்பதோடு, மண் எங்கே வெட்டினார்கள், அடுப்பிலிருந்து எத்தனை அடிவைப்பு, வேலி உண்டா என்றும் கேட்க வேண்டும். பதினேழாம் கேள்வியில் புயல் நாள், சாதாரண நாள் என்ற பிரிவே நீக்கப்படுகிறது.

ஷிமுல்சரின் புது மதிப்பெண் எழுபத்து நான்கு. சிவப்பு. ஒன்று இல்லை அண்ணி, நான்கு காலைக்கூடம்.

இப்போது கசப்பான பாதி. படிவம் மாறியதால் இருநூற்றுப் பதினான்கு ஊரையும் திரும்பக் கணக்கெடுக்கிறோம். உத்தரவு ஜூலையில்தான் கையெழுத்தாகும். மே, ஜூன் இரண்டு மாதத்துக்கு யாராலும் எதுவும் தர முடியாது. கெஞ்சிப் பார்த்தேன். மழைக்கு முன்னால் கூடம் மூடக் கூடாது என்றுதான் நீங்கள் ஆரம்பித்தீர்கள். அதில் நான் தோற்றுவிட்டேன். கதை சொல்லாதே என்றீர்கள், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

பாதல்


ஷிமுல்சர்,
8 மே 2016

பாதல் ராஜா,

எழுபத்து நான்கு என்று லாஞ்சுத்துறையில் நின்றபடியே சத்தமாகப் படித்தேன். நர்கிஸ் ஓடிப்போய் ஜிலேபி வாங்கி வந்தாள். டீக்கடையில் ஆண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "மாவட்டத்துலயே ஆபத்தான ஊருன்னு வந்திருக்கு, அதுக்கு இனிப்பு குடுக்கறீங்களே, பைத்தியமா?" என்றார்கள். நர்கிஸ் ஒரு ஜிலேபியை உன் அண்ணன் வாயில் திணித்து, "பாஸானதுக்கு நீங்க டீ குடுத்தீங்கல்ல மாமா, ஃபெயிலானதுக்கு நாங்க குடுக்கறோம்" என்றாள். அவர் மென்றுகொண்டே வீட்டுக்கு வந்தார். மறுநாள் தடை முடிந்து எல்லோரும் ஆற்றுக்குப் போனார்கள், அவர் போகவில்லை. மூங்கில் வெட்டி, பழைய வலையை இழுத்துக் கட்டி, எங்கள் குட்டைக்கு நான்கு பக்கமும் வேலி போட்டார். முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு பக்கத்து வீட்டுக் குட்டைக்குப் போய்விட்டார்.

ஜூலைவரை ஒன்றும் இல்லை என்று எழுதி, தோற்றுவிட்டேன் என்று மூக்கைச் சிந்தியிருக்கிறாய். யார் உன்னை அழச் சொன்னது? உங்கள் உத்தரவு ஜூலையில் வரட்டும், எங்கள் கூடத்துச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. பத்தொன்பதில் என்னைத் தவிர மீதிப் பதினெட்டு அம்மாக்களையும் கூப்பிட்டேன். பதினாறு பேர் வந்தார்கள். ஒருத்தி ஊரில் இல்லை, ஒருத்தியால் இன்னும் முடியவில்லை, வற்புறுத்தவில்லை. வந்தவர்களிடம், "ரெண்டு மாசம், ஆளுக்கு மாசம் நாலு காலை" என்றேன். ஒருத்தி, "வெள்ளிக்கிழமையும் திறக்கணும், இல்லேன்னா நான் வரல" என்றாள். யாரென்று கேட்க வேண்டுமா? நர்கிஸ்தான். வெள்ளிக்கிழமையும் திறக்கிறோம். ஊதுவது எப்படி என்று பதினாறு பேருக்கும் தலையணையை வைத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஹாசிபின் பாட்டனும் வந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டார். தலையணையை ஒரு தடவைகூடச் சுற்றவில்லை.

ஈதுக்கு வரும்போது பின்வாசல் வழியாக வா. உன் அண்ணன் கட்டின வேலியைப் பார்த்து ஒரு வார்த்தை நல்லதாகச் சொல். அவருக்கு அது வேண்டும்.

மே முதல் தேதியிலிருந்து கூடத்தில் ஒரு பதிவு எழுதுகிறேன். உன் மாதிரி நாற்பது கேள்வி இல்லை, இரண்டே கட்டம். இன்றோடு எட்டு நாள். ஒன்பது மணிக்கு முப்பத்தொன்று, ஒரு மணிக்கு முப்பத்தொன்று. ஒன்பதுக்கு முப்பத்தொன்று, ஒன்றுக்கு முப்பத்தொன்று. எட்டு நாளும் அதேதான்.

இதை உங்கள் படிவத்தில் எங்கே எழுதுவது என்று தேடிப் பார்த்தேன். செத்த பிள்ளைக்குத்தான் கட்டம் வைத்திருக்கிறீர்கள். மத்தியானம் அம்மா இடுப்பில் ஏறி வீட்டுக்குப் போன பிள்ளைக்கு இடமே இல்லை. அடுத்த முறை படிவம் அடிக்கும்போது ஒன்று சேர்த்து அனுப்பு. பெரிய கட்டமாகப் போடு.

உன் அண்ணி,
மொமேனா